வலிப்பு மாத்திரையும் லயத்து வீடும்

ஜூன் மாதம் இலங்கை மலையகத்தில் எங்கள் மஸ்கெலியாப் பக்கம் வந்து பார்த்தால் தெரியும், எதுவுமே காயாது. துணி காயாது, விறகு காயாது, போத்தலுக்குள் உப்பு தண்ணீர் விட்டு நிற்கும். பிஸ்கட் பக்கெட்டை உடைத்தால் அன்றைக்கே தின்று முடித்துவிட வேண்டும். தென்மேல் பருவ மழை ஓயும் வரைக்கும், அதாவது செப்டெம்பர் வரைக்கும், இப்படித்தான். இந்த ஈரத்துக்குள்தான் எங்கள் அக்காவின் வலிப்பு மாத்திரைகளும் இருக்கின்றன.

வலிப்புக்கு மாத்திரை போடுகிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று எவ்வளவோ எழுதிக் கிடக்கிறது. தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் எழுதியவர்கள் மனதில் இருப்பது குளியலறை வைத்த வீடு, காஸ் அடுப்பு, நடந்து போகிற தூரத்தில் பார்மசி. "குளியலறைக் கதவை உள்ளே பூட்டாதீர்கள்" என்கிறார்கள். வெளியே தண்ணீர் கொட்டுகிற பீலியில் குளிக்கிறவளுக்குக் கதவு ஏது? அதே கவனங்களை எங்கள் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, ஏற்ற மாதிரி நாங்கள் மாற்றி வைத்திருக்கிறோம். அதைத்தான் எழுதப் போகிறேன். நான் வைத்தியர் இல்லை, தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் உங்கள் கிளினிக் வைத்தியர் சொல்ல வேண்டியவை.

முதலில் ஈரத்தைப் பற்றியே பேசிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அக்கா இப்போது போடுவது கார்பமாசெபின். இந்த மாத்திரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இறுகிப் போகும் தன்மை கொண்டது. அப்படி இறுகிய மாத்திரை வயிற்றுக்குள் போனாலும் சரியாகக் கரையாது, உடம்பில் சேர வேண்டிய மருந்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சேராமலே போய்விடலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 1990 அளவிலேயே இதைச் சொல்லி எச்சரித்திருக்கிறது. ஒரு வேளையும் தவறாமல் மாத்திரை போட்டும் மழைக்காலத்தில் மட்டும் ஒருவருக்கு வலிப்பு கூடுகிறது என்றால், மாத்திரை எங்கே இருக்கிறது என்றும் ஒருமுறை பார்க்க வேண்டும். சோடியம் வல்ப்ரோவேட் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரை இன்னும் மோசம். அட்டையிலிருந்து பிரித்து வெளியே வைத்தால் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அதனால்தான் அதைப் படல அட்டையோடேயே வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரைகளை எண்ணிக் கடதாசி உறையில் போட்டுத் தருவது வழக்கம். இலவசமாகக் கிடைப்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மாத மருந்தைக் கடதாசி உறையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் மழையைத் தாண்ட முடியாது. மருந்து கொடுக்கிற இடத்தில் "அட்டையோடு இருந்தால் அட்டையாகவே வெட்டிக் கொடுங்கள்" என்று கேட்கலாம். பல தடவை கொடுத்திருக்கிறார்கள். உதிரியாக வந்தால், வீட்டுக்கு வந்த கையோடு இறுக மூடும் போத்தலுக்குள் போட்டுவிடுவோம். போத்தலோடு வாங்குகிற மாத்திரைகளுக்கு இடையில் ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் ஒன்று கிடக்கும். அதைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள், உள்ளேயே கிடக்கட்டும்.

அப்புறம், போத்தலை எங்கே வைப்பது? எங்கள் அம்மா எதையும் காய வைப்பதற்கு அடுப்புக்கு மேலே உள்ள தட்டில்தான் வைப்பார். மிளகாய், புளி, தீப்பெட்டி எல்லாம் அங்கேதான். மாத்திரைக்கு அந்த இடம் ஆகாது. சோறு கொதிக்கும்போது ஆவி முழுவதும் அங்கேதான் போய் முட்டும், சூடும் ஏறும். ஜன்னல் ஓரமும் ஆகாது, இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) தொங்குகிற பையும் ஆகாது. முன் காம்பராவில் (அறையில்) சுவரை ஒட்டாமல் அலுமாரிக்குள், சின்னப் பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறோம். கை எட்டாத உயரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெரியவருக்கு அளவான மாத்திரையில் நாலைந்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. பத்தடிக் காம்பராவில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் தவழ்கிற பிள்ளை எதை எடுத்து வாயில் போடுகிறது என்று யாரால் பார்த்துக்கொண்டே இருக்க முடியும்?

பிள்ளைகளுக்குப் பாணியாகக் கொடுக்கும் மருந்தென்றால் ஒவ்வொரு தடவையும் போத்தலை நன்றாகக் குலுக்க வேண்டும். மருந்து அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் மாத ஆரம்பத்தில் வெறும் இனிப்புத் தண்ணியும் மாத முடிவில் அளவுக்கு மிஞ்சிய மருந்தும் உள்ளே போகும். தேக்கரண்டிக்கு வீட்டுக்கு வீடு ஒரு அளவு. ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றை கிளினிக்கில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரத்துக்கு வருவோம். அக்கா கொழுந்து பறிக்கப் போகிறவள். விடியற்காலையில் எழும்பி, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். அந்த அவசரத்தில் மறக்காமல் இருக்கப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம், தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு மாத்திரையைக் கட்டிவிட்டால் போதும். அவளுக்குக் காலை மாத்திரை முதல் தேத்தண்ணியோடு, இரவு மாத்திரை சாமி விளக்கு ஏற்றியதும். போட்டாளா இல்லையா என்ற சந்தேகம் வராமல் இருக்கக் கலண்டரில் அந்தத் திகதிக்குக் கீழே ஒரு கோடு, இரவு இன்னொரு கோடு. ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் தவறியதை விட்டுவிட வேண்டும். "காலையில விட்டதையும் சேர்த்து ரெண்டாப் போட்டுட்டேன்" என்று மட்டும் யாரும் செய்யக் கூடாது. நீண்ட நேரம் கரையும் வகை மாத்திரைகளைத் தட்டிப் பொடியாக்கியோ மென்றோ விழுங்கவும் கூடாது. எது அந்த வகை என்று மருந்து தருகிறவர் சொல்லுவார்.

விரத நாட்களில் ஒரு சிக்கல் வரும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிற ஆட்கள் எங்கள் லயத்தில் இருக்கிறார்கள். அக்காவும் விரதம் பிடிக்கிறாள்தான், ஆனால் மாத்திரையும் தண்ணீரும் உண்டு, மதியம் ஒரு வேளைச் சோறும் உண்டு. முருகன் கோபித்துக்கொள்ளவில்லை. தாயத்து, மந்திரித்த கயிறு, நேர்த்திக்கடன் எல்லாவற்றிலும் என் நிலைப்பாடு இதுதான்: கட்டுங்கள், வையுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். கயிறு கட்டியவுடன் மாத்திரையை நிறுத்தச் சொல்கிற பூசாரியிடம் மட்டும் போகாதீர்கள்.

நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் பழைய வலிப்பு திரும்பி வருவதோடு போவதில்லை. ஒன்று முடியும் முன்னே அடுத்தது என்று விடாமல் தொடர்ந்து வந்து உயிரையே எடுத்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சரியாகக் கண்டறிந்து சரியாக மருந்து கொடுத்தால் இந்த நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரைக்கும் வலிப்பே வராமல் வாழ முடியும். அப்படி நன்றாக இருக்கும்போதுதான் "இனி எதுக்கு?" என்ற எண்ணம் வருகிறது. இரண்டு வருடமாவது வலிப்பு வராமல் இருந்த பிறகுதான் நிறுத்தலாமா என்றே வைத்தியர்கள் யோசிப்பார்கள். நிறுத்தினாலும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். எல்லோருக்கும் நிறுத்தவும் முடியாது.

எங்கள் பக்கம் நோயாளி தானாக நிறுத்தாவிட்டாலும் பாதை நிறுத்திவிடும். கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் பஸ் இல்லை, ரயில் பாதையில் சரிந்தால் கண்டிக்குப் போக வழியில்லை. கிளினிக் நாள் போயா என்ற பௌர்ணமி விடுமுறையில் விழுந்தால் திகதி மாறும். 2022-ல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது ஆஸ்பத்திரியில் இல்லாத மாத்திரையைத் தனியார் பார்மசியில் தேடி அலைந்தவர்கள் ஏராளம். கிடைத்தாலும் கொழுந்துச் சம்பளத்தில் வாங்குகிற விலையா அது! அதனால் மாத்திரை தீரும் வரை காத்திருக்காதீர்கள். எப்போதும் இரண்டு கிழமைக்கான மாத்திரை தனியாக இருக்கட்டும். அடுத்த முறை வாங்கியதும் பழையதை எடுத்துப் பாவித்து, புதியதை அந்த இடத்தில் வைக்க வேண்டும். இதை கிளினிக்கில் விளக்கிச் சொன்னால், தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கொஞ்சம் கூட்டி எழுதித் தருகிற வைத்தியர்கள் இருக்கிறார்கள்.

ஒரே மருந்து வேறு கம்பனிப் பெயரில் வந்தால் நிறமும் வடிவமும் மாறும். வெள்ளை மாத்திரை போட்ட பாட்டிக்கு ரோஸ் நிறத்தில் கொடுத்தால், இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் போட்டுவிடுவார். உறையில் இருப்பதோ ஆங்கிலச் சுருக்கெழுத்து, சொல்லித் தருவதோ சிங்களத்தில். மருந்து வாங்கும் ஜன்னலிலேயே நின்று "இது பழையதா, புதியதா, எத்தனை மில்லிகிராம்" என்று கேட்டுவிட வேண்டும். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முனகுவார்கள். முனகட்டும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு போத்தலிலும் தமிழில் பெயரும் வேளையும் எழுதி ஒட்டுவது என் வேலை. எழுத்துத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் நிலவும் வரைந்து கொடுத்திருக்கிறேன். நன்றாகவே வேலை செய்கிறது.

அளவைப் பற்றி ஒரு விஷயம். அக்கா முன்பு பெனிடோயின் போட்டாள். அது பழைய மருந்து, மலிவானது, நன்றாக வேலையும் செய்யும், ஆனால் அளவில் விளையாட முடியாத மருந்து. ஈரல் ஒரு மட்டம் வரைக்கும்தான் அதை உடைத்து வெளியேற்றும். அந்த மட்டத்துக்கு மேல், நிறைந்த கொழுந்துக் கூடையில் இன்னொரு பிடி திணித்த மாதிரி எல்லாம் வெளியே வழியும். கொஞ்சம்தான் கூட்டினோம் என்று நினைப்போம், இரத்தத்தில் மருந்து மடங்காக ஏறியிருக்கும். ஒருமுறை அளவு கூட்டிய பிறகு அக்காவின் நடை மாறியது. தண்ணீர் ஓடும் கானைத் தாண்டும்போது கால் தடுமாறியது, பேச்சு குழறியது, கண்மணி பக்கவாட்டில் துடித்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் யாரோ "காலங்காத்தாலயே போட்டுட்டு வந்திருக்கு" என்று சிரித்தார்கள். அவள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாளே கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். இரத்தம் சோதித்து அளவைக் குறைத்ததும் நடை சரியானது. தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, ஓயாத தூக்கம், வாந்தி எது வந்தாலும் "மருந்துக்குப் பழகிவிடும்" என்று விட்டுவிடக் கூடாது. பெனிடோயின் போடுகிறவர்களுக்கு முரசு (பல் ஈறு) தடித்து வளரும். காலையும் இரவும் பல் துலக்கி, பல் கிளினிக்குக்கும் இடைக்கிடை போய் வந்தால் அது மட்டுப்படும்.

அடுத்தது தோல். கார்பமாசெபின், லமோட்ரிஜின், பெனிடோயின் மூன்றுக்கும் இது பொருந்தும். மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் உடம்பில் சிவந்து தடித்தால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். எங்கள் தோட்டங்களில் இதைத் தவறவிடுவது ரொம்பச் சுலபம், ஏனென்றால் அரிப்பு எங்களுக்குப் புதிதில்லை. அட்டை கடித்தால் அரிக்கும், மருந்து அடித்த மலையில் இறங்கினால் அரிக்கும், ஈர ரப்பர் சீட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்றாலும் அரிக்கும். மஞ்சள் பூசிப் படுத்துவிடுவார்கள். தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல், தோல் கொப்புளித்து உரிதல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம். ஸ்டீவன்ஸ் ஜோன்சன் என்று பெயர் சொல்லும் அந்த நிலை ஆளையே கொன்றுவிடும். ஆசிய வம்சாவளியினர் சிலரிடம் உள்ள ஒரு மரபணுவினால் கார்பமாசெபினுக்கு இது வரும் வாய்ப்பு கூடுகிறது. லமோட்ரிஜினை எறும்பு ஊர்கிற வேகத்தில் கூட்டுவதும் இந்தப் பயத்தினால்தான். அவசரப்பட்டு நீங்களாகக் கூட்டாதீர்கள்.

மற்ற மருந்துகளோடு சேரும்போது என்ன ஆகும்? கடைக்குப் போய் "உடம்பு வலிக்கு ஏதாவது தாங்க" என்று கேட்டு வாங்குகிற பழக்கத்தை வலிப்பு உள்ளவர்கள் விட்டுவிட வேண்டும். ட்ரமடோல் என்ற வலி மாத்திரையும் சிப்ரோபுளொக்சசின் போன்ற சில அன்டிபயோட்டிக்குகளும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. எரித்ரோமைசின் கார்பமாசெபினை இரத்தத்தில் ஏற்றிவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் பெனிடோயினை ஏற்றும். எல்லாப் பெயரையும் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்த வைத்தியரிடம் போனாலும், சளிக்குப் போனாலும், கிளினிக் கொப்பியை முதலில் மேசையில் வையுங்கள். சாதாரணக் காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் போதும்.

மலையில் இருக்கிற நமக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. நுவரெலியாவுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் எல்லோரும் வாங்கிப் போகும் யூக்கலிப்டஸ் எண்ணெய் நம் வீடுகளில் சர்வரோக நிவாரணி. தலையிடிக்குத் தடவுவோம், மூக்கடைப்புக்கு முகர்வோம், சுடுதண்ணீரில் விட்டு ஆவி பிடிப்போம். இந்த எண்ணெயை முகர்ந்த பிறகு வலிப்பு வந்தவர்களைப் பற்றி பெங்களூர் வைத்தியர்கள் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். கற்பூரமும் அப்படித்தான், வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம். நெஞ்சில் தடவும் தைலங்களில் பெரும்பாலும் இந்த இரண்டும் இருக்கின்றன. அக்கா வீட்டில் இப்போது வெறும் சுடுதண்ணீர் ஆவிதான். அம்மாவுக்கு இதை ஏற்க வைப்பது மாத்திரையை ஏற்க வைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

பெண்களுக்குச் சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் கிளினிக் நெரிசலில் ஆண்களுக்கு நடுவே நின்று இதைக் கேட்க எங்கள் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். சோடியம் வல்ப்ரோவேட் போடும்போது கர்ப்பமானால், பத்துப் பிள்ளைகளில் ஒன்று உடல் குறைபாட்டோடு பிறக்கும் வாய்ப்பு இருக்கிறது. முதுகுத் தண்டு மூடாமல் பிறப்பது அதில் ஒன்று. படிப்பிலும் பேச்சிலும் பின்தங்கும் பிள்ளைகள் 30 முதல் 40 சதவீதம். கல்யாணம் பேசத் தொடங்கும்போதே, இல்லையென்றால் அதற்கும் முன்னே, "எனக்கு வேறு மருந்து மாற்ற முடியுமா" என்று கேட்க வேண்டும். கர்ப்பம் தெரிந்த பிறகு பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அன்றைக்கே வைத்தியரைப் பார்க்க வேண்டும், மாற்றுவதை அவர் செய்வார். வலிப்பு மாத்திரை போடுகிறவர்களுக்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போலிக் அசிட் 5 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம்.

கர்ப்பத்தடையிலும் ஒரு பொறி இருக்கிறது. கார்பமாசெபின், பெனிடோயின், பினோபார்பிட்டோன் மூன்றும் ஈரலைத் தூண்டிவிட்டு, குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையையும் கையில் தோலுக்கடியில் வைக்கிற கர்ப்பத்தடைக் குச்சியையும் பலமிழக்கச் செய்துவிடும். குச்சி இருக்கிறதே என்று நம்பியிருந்து கர்ப்பமானவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாத ஊசியையோ கருப்பைக்குள் வைக்கும் லூப்பையோ இந்த மருந்துகள் பெரிதாகப் பாதிப்பதில்லை. லமோட்ரிஜினில் கதை தலைகீழ். கர்ப்பத்தடை மாத்திரை அதன் அளவைப் பாதியாகக் குறைத்து, அடங்கியிருந்த வலிப்பைக் கிளப்பிவிடும். வீட்டுக்கு வரும் மிட்வைப் மிஸ்ஸிடம் வலிப்பு மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மறைக்கிறவர்கள் நிறையப் பேர். அக்காவும் மறைத்தாள், கல்யாணத்துக்கு முன்னால், அவளைக் கட்டிக்கொள்ள இருந்த மாமாவிடம் சொன்ன பிறகுதான் வெளியே சொல்லத் துணிந்தாள். மாமா கேட்டது ஒரே கேள்வி: "வந்தா நான் என்ன செய்யணும்?"

மாத்திரை ஒழுங்காகப் போட்டாலும் ஒன்றிரண்டு வலிப்பு வரக்கூடும் என்று வைத்துக்கொண்டே வீட்டை அமைக்க வேண்டும். நெருப்பு முதலாவது. எங்கள் அடுப்புகள் தரையோடு இருப்பவை. விழுந்தால் நேரே தணலில்தான் விழுவோம், வலிப்பில் கையை இழுக்கவும் முடியாது. மாமா அடுப்பை இடுப்பு உயரத்துக்குக் கட்டி, முன்னால் மண் திட்டு ஒன்று வைத்துக் கொடுத்தார். வீட்டில் இன்னொருவர் இல்லாமல் அக்கா உலை வைப்பதில்லை, கொதிக்கிற பானையை அவள் இறக்குவதும் இல்லை. குளிருக்கு அடுப்படியில் குந்திக்கொண்டு தூங்கி விழுவது எல்லோருக்கும் சுகம்தான், அவளுக்கு மட்டும் தடை. அதில் அவளுக்குக் கோபமும் உண்டு.

குளிக்கப் போனால் பீலிக்குத் துணையோடுதான், உட்கார்ந்துதான். தொட்டி, ஆறு, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கக் கரை எதுவும் வேண்டாம். ஆழமே தேவையில்லை, முகம் முழுகும் அளவு தண்ணீர் போதும் ஆளைக் கொண்டுபோக. சுடுதண்ணீரிலும் ஒரு கவனம்: தலையில் கொதிக்கக் கொதிக்க மளமளவென்று ஊற்றினால் வலிப்பு வருகிற ஒரு வகை தென்னிந்தியாவில் நன்கு தெரிந்த ஒன்று. வெதுவெதுப்பான தண்ணீரை முதலில் உடம்புக்கு ஊற்றிவிட்டுத் தலைக்குப் போவது நல்லது.

வேலையில் கங்காணியிடம் சொல்லி, பாறை ஓர நிரை இல்லாமல் நடு நிரை வாங்கிக்கொண்டாள். கவ்வாத்து வெட்டுவது, மரம் ஏறிக் கிளை கழிப்பது, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ஓடுகிற மெசினுக்குப் பக்கத்தில் நிற்பது இவையெல்லாம் வலிப்பு அடங்காதவர்களுக்கு ஆகாத வேலைகள். ஆட்டோ ஓட்டுகிற தம்பிமார்கள் கிளினிக்கில் தொழிலை மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்னால் மூன்று உயிர் உட்கார்ந்திருக்கிறது.

தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். மாசி மாதம் காமன் கூத்து விடிய விடிய நடக்கும். அக்கா பாதிவரை பார்த்துவிட்டு வந்து படுத்துவிடுவாள். சிவனொளிபாதமலைக்கும் போயிருக்கிறாள். இரவேறும் கூட்டத்தோடு போகாமல், நன்றாகத் தூங்கி எழும்பி, விடிந்த பிறகு நல்லதண்ணியிலிருந்து ஏறி, இருட்டுக்கு முன் இறங்கிவிட்டாள். அங்கே போய் சூரியோதயம் பார்க்காத ஒரே ஆள் என்று லயத்தில் கேலி. குடியைப் பற்றி ஆண்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: குடித்த இரவைவிட, அது இறங்குகிற மறுநாள்தான் வலிப்பு வரும். "இண்டைக்குக் குடிக்கிறன், அதால மாத்திரை வேணாம்" என்று விடுகிறவர் இரண்டு ஆபத்தையும் ஒன்றாக வாங்குகிறார்.

மனதையும் கவனியுங்கள். லெவெடிராசிடாம் தொடங்கிய பிறகு சிலருக்கு எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். எந்த வலிப்பு மருந்திலும் மனம் சோர்ந்து சாக வேண்டும் போல் எண்ணம் வந்தால் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி, உடனே வைத்தியரிடம் போக வேண்டும். பூச்சிமருந்துப் போத்தல்களும் களைகொல்லிகளும் கை எட்டும் தூரத்தில் இருக்கிற ஊர் இது. அவற்றை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று அக்காவோடு நிரை பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் இப்போது தெரியும். கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, கத்தி, கல் எதுவும் பக்கத்தில் இல்லாமல் விலக்கி, தலைக்குக் கீழே எதையாவது மடித்து வைப்பார்கள். கையைக் காலை அமுக்கிப் பிடிப்பதில்லை. துடிப்பு அடங்கியதும் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வழிந்துவிடும். வாய்க்குள் கரண்டியோ துணியோ விரலோ வைப்பதில்லை, தண்ணீர் ஊற்றுவதும் இல்லை. கங்காணி ஐயா மட்டும் இன்னும் சாவிக் கொத்தோடுதான் ஓடி வருவார். "கையில வைங்க, வாயில வைக்காதீங்க" என்று அக்காவே சொல்லி வைத்திருக்கிறாள். இரும்பு கையில் இருந்தால் ஒன்றும் ஆகப் போவதில்லை, அவருக்கும் ஏதோ செய்த திருப்தி.

எல்லாவற்றையும்விட முக்கியம், யாராவது ஒருவர் மணியைப் பார்ப்பது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ, கர்ப்பிணியென்றாலோ, அடிபட்டிருந்தாலோ, 1990-க்கு அடிக்க வேண்டும். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அதே நேரம் ஒருவர் பெரிய பாதைக்கு ஓடிப் போய் நிற்க வேண்டும், ஏனென்றால் லயத்து ஒற்றையடிப் பாதைக்கு வண்டி வராது. அக்காவின் பையில் ஒரு சின்ன அட்டை இருக்கிறது: மருந்தின் பெயரும் அளவும் ஆங்கிலத்தில், அவளுக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்பது தமிழிலும் சிங்களத்திலும், மாமாவின் டெலிபோன் இலக்கம். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை மாமா போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

முடிந்ததும் அவள் தூங்குவாள், தூங்க விட வேண்டும். எழும்பியதும் கலண்டரில் அந்தத் திகதியைச் சுற்றி வட்டம் போட்டு, எத்தனை நிமிடம், முந்தைய இரவு தூங்கினாளா, மாத்திரைக் கோடு விழுந்திருக்கிறதா என்று பக்கத்தில் எழுதிவிடுவோம். கிளினிக்குக்குப் போகும்போது கலண்டர் தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டுதான் போகிறோம். வைத்தியர் கொப்பியைப் புரட்டும் முன்னால் அந்தத் தாள்களைத்தான் வாங்கிப் பார்க்கிறார்.